சத்தமில்லாமல் உள்ளே போன பம்ப்

லே நகரத்தில் குளிரைப் பற்றிப் பொய் சொல்லாதவன் நான் ஒருவன்தான். ஜனவரி பிறந்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் மைனஸ் முப்பதுக்குக் குறைந்து வாயில் வராது. டாக்ஸிக்காரர் முப்பது என்பார், ரொட்டிக் கடைக்காரர் இன்னும் ஐந்து சேர்த்துச் சொல்வார். நான் வானிலை நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலை எட்டரை மணிக்குக் கண்ணாடிக் குழாயைப் பார்த்து எழுதுகிறவன். மைனஸ் பதினெட்டு புள்ளி ஆறு என்றால் பதினெட்டு புள்ளி ஆறுதான். இப்படிச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேருடைய நட்பைக் கெடுத்துக்கொண்டேன். என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. மௌசம்லே என்றுதான் கூப்பிடுவார்கள். மௌசம் என்றால் வானிலை; பின்னால் ஒட்டியிருக்கிற லே மரியாதைக்கு.

என்னைப்போலவே கிறுக்குப் பிடித்த இன்னொரு ஆளை இந்த ஊரில் கண்டுபிடிக்க எனக்குப் பதினேழு வருஷம் ஆயிற்று. அவள் பெயர் டிஸ்கித். ஒரு டிசம்பர் காலையில் நிலையத்தின் கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்காமல், "மௌசம்லே, உங்ககிட்ட பழைய தெர்மாமீட்டர் இருக்கா? உடைஞ்சது வேண்டாம்" என்றாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"கேஸ் எந்தக் குளிர்ல சாகுதுன்னு பாக்கணும்."

நாற்பது வயதிருக்கும். அரக்கு நிற நீள அங்கி, இடுப்புக் கச்சையில் ஒரு சாவிக்கொத்து, ஒரு பெரிய கரண்டி. மலை நடைக்கு ஆள் கூட்டிப்போகிற ஒரு கம்பெனியில் பதினோரு கோடைகளாகக் காய்கறி நறுக்குகிற வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது; ஆனால் கேள்வி நிற்கவில்லை. இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, அப்புறம் பட்டாணி மட்டும் ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று முதல் நாளே கேட்டாள். உயரம், காற்றழுத்தம், எண்பத்தெட்டு டிகிரி என்று நான் விளக்கினேன். மறுநாள் வந்து, உங்கள் எண்பத்தெட்டை நான் வைத்துப் பார்த்தேன், எண்பத்தெட்டரை வருகிறதே என்றாள். அன்றைக்கே அவளுக்கு நல்ல தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டேன்.

சோதனைகளை நிலையத்து முற்றத்திலேயே செய்யலாமா என்று முதலில் கேட்டாள். என் கருவிகளுக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைப்பதா? நான் போட்ட சத்தத்தில் காவல்காரர் எழுந்து வந்துவிட்டார். கடைசியில் இரண்டு சந்து தள்ளி இருந்த அவள் வீட்டு மொட்டைமாடி என்று முடிவாயிற்று. குளிர் மிகவும் இறங்குவது சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால். ஆகவே நான் ஆறரைக்கே அந்த மாடியில் போய் நிற்க வேண்டியதாயிற்று. யாரும் என்னைக் கூப்பிடவில்லை; நானேதான் போனேன்.

விஷயம் ஸ்டவ் மட்டுமில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அவள் கணவன் லுண்டுப் அதற்கு நான்கு குளிர்காலம் முன்புவரை அதே கம்பெனியில் தலைமைச் சமையல்காரன். ஸன்ஸ்கார் நதி ஜனவரியில் தன்மேல் ஒரு பனிக்கட்டிப் போர்வையை இழுத்துக்கொள்ளும். அந்தப் போர்வைமேல் எட்டு நாள் நடப்பதற்குக் காசு கொடுத்து ஆட்கள் வருகிறார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே ஸ்டவ் என்பது சோறு பொங்குகிற சாமான் மட்டுமில்லை. குடிக்கிற தண்ணீர் உருகுவது, நனைந்த சாக்ஸ் காய்வது, விறைத்த விரல் மறுபடி மடங்குவது எல்லாம் அதன் தயவில்தான்.

அந்த வருஷம் லுண்டுப் ஒரு புது பித்தளை பம்ப் ஸ்டவ் வாங்கிக்கொண்டு போனான். மூன்றாவது முகாமில் அது நின்றுவிட்டது. எண்ணெய் சீறி வருகிற துளையை, நாசிலை, ஊசியால் குத்திப் பார்த்தான், அடைப்பு இல்லை. பம்பை அடித்தால் கை சத்தமில்லாமல் உள்ளே போயிற்று, காற்று ஏறவேயில்லை. பன்னிரண்டு பேர் தேநீருக்குக் காத்திருந்தார்கள். நதி திரும்புகிற இடத்தில் ஒதுங்கியிருக்கும் விறகைப் பொறுக்கிவரப் போனான். அங்கே பனிக்கட்டி உடைந்து முழங்கால்வரை இறங்கிவிட்டான். ஏறி வந்தவனின் காலைச் சூடாக்க அடுப்பு இல்லை. இடது காலில் மூன்று விரல்கள் கறுத்துப்போய், லேயில் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு லுண்டுப் நதிப் பக்கம் போகவில்லை. வீட்டில் ஜன்னலோரம் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு கம்பெனிகளின் கூடாரங்களைத் தைத்துக் கொடுத்தான். கல்யாண வீடுகளில், "லுண்டுப்கிட்ட தீப்பெட்டியைக் குடுக்காதீங்கப்பா, அதுவும் அணைஞ்சிடும்" என்று சீண்டுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அவனை அரித்தது கேலி இல்லை.

பம்ப் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும். பம்ப் தண்டின் முனையில் சின்னக் கிண்ணம்போல ஒரு தோல் வாஷர் இருக்கும். அதற்கு எண்ணெய் விட்டால்தான் அது விரிந்து குழாயோடு ஒட்டிக் காற்றைத் தள்ளும், காய்ந்தால் சுருங்கிவிடும். இங்கே அதற்கு ஆப்ரிகாட் கொட்டை எண்ணெய் விடுவார்கள், லேசில் உறையாது. அன்று கிளம்பும்போது வாஷருக்கு எண்ணெய் விட்டோமா இல்லையா என்பது லுண்டுப்புக்கு நினைவில்லை. நான்கு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

"போட்டேன்னுதான் நினைக்கிறேன் மௌசம்லே" என்று ஒருநாள் என்னிடமே சொன்னான். "ஆனா நினைக்கிறதுக்கும் போடறதுக்கும் நடுவுல மூணு விரல் போயிடுச்சே."

டிஸ்கித்துக்குத் தெரிய வேண்டியிருந்தது இதுதான். ஸ்டவ் ஏன் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால், அவன்மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். அவள் தெர்மாமீட்டர் கேட்டு வந்த வருஷம் கம்பெனி முதலாளி ஜிக்மத் குளிர்கால நடைக்கு அவளையே தலைமைச் சமையலுக்குப் போகச் சொல்லியிருந்தான். எந்த ஸ்டவ், எந்த எரிபொருள் என்று அவள்தான் சொல்ல வேண்டும். அந்தச் சாக்கில் இதையும் துருவிவிடலாம் என்று இறங்கினாள்.

ஜிக்மத்துக்கு கேஸ்மேல்தான் ஆசை. டப்பாவைத் திருகி மாட்டு, பற்றவை, வேலை முடிந்தது. அவன் கொடுத்தனுப்பிய டப்பாக்கள் மாடியில் வரிசையாக நின்றன. மலிவான டப்பா மைனஸ் நான்கிலேயே கையைத் தூக்கிவிட்டது. விலை கூடியது, குளிருக்கென்றே கலந்தது, மைனஸ் பதினாறிலும் நன்றாக எரிந்து ஒன்பது நிமிஷத்தில் ஒரு சட்டிப் பனியைக் கொதிக்கவைத்தது. நான் சபாஷ் என்றேன். அவளோ அதே டப்பாவை மறுநாளும் அதற்கு மறுநாளும் வைத்தாள். பாதி தீர்ந்ததும் சுடர் பருப்பு அளவுக்குச் சுருங்கியது. குலுக்கினால் உள்ளே தளும்புகிறது, ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்தால் மறுபடி சீறும். பத்து நிமிஷத்தில் அந்தத் தண்ணீரே ஓரத்தில் உறைய ஆரம்பிக்கும். குளிருக்குத் துணிந்த வாயு முதலில் எரிந்து தீர்ந்துவிடுகிறது, சோம்பேறி வாயு மிஞ்சுகிறது என்று நான் விளக்கினேன். "எங்க கம்பெனி மாதிரியே" என்றாள்.

பெட்ரோல் ஸ்டவ் வேறு ரகம். மைனஸ் இருபதிலும் தீக்குச்சியைக் காட்டினால் போதும், குப்பென்று கிளம்பும். அவளுடைய இடது புருவம் அந்த வாரத்தில் போனதுதான், சரியாக முளைக்க ஏப்ரல் ஆயிற்று. அதோடு, ஊற்றும்போது இரண்டு சொட்டு அவள் விரலில் பட்டது. தோல் உடனே சுண்ணாம்புபோல் வெளுத்துவிட்டது. அந்தக் குளிரிலும் உறையாமல் நீராகவே இருக்கிற பொருள் கையில் பட்டால் சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கூடாரத்துக்குள் மரத்த கையோடு ஊற்றுகிறவன் கதி என்ன என்று யோசித்து, பெட்ரோலை ஓரம் கட்டினாள்.

மண்ணெண்ணெய்தான் மந்தம். பற்றவைக்குமுன் தட்டில் ஸ்பிரிட் ஊற்றி ஐந்து நிமிஷம் சூடேற்ற வேண்டும், அப்புறமும் பதினான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டது. புகை, நாற்றம், எல்லாம் உண்டு. ஆனால் முழு டாங்கிலும் கால் டாங்கிலும் ஒரே மாதிரி எரிந்தது. ரேஷன் எண்ணெயில் கலந்திருந்த தண்ணீர் மட்டும் ஊசி ஊசியாக உறைந்து நாசிலை அடைத்தது. அதற்கு அவள் கண்ட வழி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். கேனை இரவெல்லாம் மாடியில் விட்டுவிடுவாள். காலையில் தண்ணீரெல்லாம் அடியில் கட்டியாகியிருக்கும். மேலே தெளிந்ததைத் துணியில் வடித்து எடுத்துக்கொள்வாள். கெடுக்க வந்த குளிரைக்கொண்டே சுத்தம் செய்துவிட்டாள்.

லுண்டுப்பின் ஸ்டவ்வும் இந்தத் தண்ணீரால்தான் நின்றிருக்கும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நாசிலில் அடைப்பு இல்லை என்று அவன் சொன்னானே, பம்பில்தானே காற்று ஏறவில்லை என்றாள். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் சாமான் அறையிலிருந்து அந்தப் பித்தளை ஸ்டவ்வையே எடுத்து வந்தாள். ஒரே ஒரு பயணம் போன ஸ்டவ். திரும்பி வந்ததும் யாரோ மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மூட்டைகட்டிவிட்டார்கள், அதன்பிறகு யாரும் தொடவில்லை. தோல் மட்டும் காய்ந்திருந்தது. எண்ணெய் விட்டு மைனஸ் பதினைந்தில் வைத்தாள், எரிந்தது. பதினெட்டில் எரிந்தது. அந்த ஜனவரியின் மிகக் குளிர்ந்த காலை மைனஸ் இருபத்தொன்று புள்ளி இரண்டு. அன்றைக்கும் அது புலிபோல உறுமிக்கொண்டு எரிந்தது. கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டவ்வின் உறுமல் கேட்டதும் அது நின்றது. ஸ்டவ்வை அணைத்த பிறகுதான் மறுபடி ஓடியது.

அடுத்த நாள் வேண்டுமென்றே தோலைப் பெட்ரோலில் அலசி, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் காயவைத்து மாட்டினாள். விடியற்காலையில் பம்பை அடித்தபோது கிறீச் கிறீச் என்று கோழிக்குஞ்சு மாதிரி கத்தியது. கை தடுமாறித் தடுமாறி இறங்கியது. காற்று கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் கசிந்தது. டிஸ்கித் என்னைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் ஏணியில் கீழே ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"லுண்டுப், அன்னிக்கு பம்ப் சத்தம் போட்டுச்சா?"

"எத்தனை தடவை சொல்றது? சத்தமே இல்ல. வெறும் காத்துல குத்துற மாதிரி உள்ள போச்சு."

"எண்ணெய் இல்லாத தோல் கத்துது. இப்பதான் கேட்டேன். அப்ப நீ எண்ணெய் போட்டிருக்கே."

லுண்டுப் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எண்ணெய் போட்டிருந்தா ஏன் நின்னுச்சு? அதைச் சொல்லு."

அவள் குனிந்து தரையில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு ஆறுதல் சொல்றதுக்கு ஒரு ஸ்டவ்வைச் சாட்சிக்கு இழுக்காதே" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை மிதித்தான்.

அன்று அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் விடுகிற ஆள் இல்லை. ஜிக்மத்திடம் போய் மண்ணெண்ணெய்தான், இரண்டு ஸ்டவ், அதில் ஒன்று லுண்டுப்பின் பழையது என்று சொன்னாள். ஜிக்மத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அச்சே-லே, பெங்களூர்லேர்ந்து வர்றவங்க மண்ணெண்ணெய் வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கறாங்க" என்றான். அச்சே என்றால் அக்கா.

"பொத்திக்கட்டும் நோனோ. கேஸ் நின்னா பொத்திக்க மூக்கே இருக்காது."

நோனோ என்றால் தம்பி. தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அவர்கள் கிளம்பிய காலையில் நானும் அந்த வீட்டில் இருந்தேன். அடுத்த நான்கு நாள் நிலவரம் சொல்வதற்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சுடும் ரொட்டிக்காகவும்தான். இரும்புக் கணப்பு சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சட்டிகள், கெட்டில், கம்பெனி கொடுத்த புது ஸ்டவ், லுண்டுப்பின் ஸ்டவ் எல்லாம் வரிசையாக இருந்தன. டிஸ்கித் இரண்டு ஸ்டவ்வின் பம்பையும் கழற்றி, என் கண்ணெதிரே தோலுக்கு எண்ணெய் விட்டு நீவினாள். லுண்டுப்புக்குக் கேட்கும்படி, "பாத்துக்கோங்க மௌசம்லே, ரெண்டுக்கும் போட்டாச்சு, நீங்க சாட்சி" என்றாள். லுண்டுப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எல்லா வீட்டிலும் செய்வதுபோல, புறப்படுகிற சாமான் ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று பொட்டு வெண்ணெய் வைத்தாள், நல்லபடியாகப் போய் நல்லபடியாக வரட்டும் என்று. வண்டி வர ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. நாங்கள் இன்னொரு கோப்பை தேநீர் குடித்தோம்.

அவள் போன ஒன்பது நாளும் நான் வழக்கத்தைவிடக் கவனமாகக் குழாயைப் பார்த்தேன். நான்காம் நாள் இங்கேயே மைனஸ் பத்தொன்பது புள்ளி எட்டு. நதிப் பள்ளத்தாக்கில் இன்னும் ஏழெட்டு கீழே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். லுண்டுப் தினமும் சாயங்காலம் வேலிக்கு வெளியே வந்து நின்று, எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, நொண்டியபடி திரும்பிப் போனான்.

பத்தாம் நாள் மத்தியானம் டிஸ்கித் நேராக நிலையத்துக்குத்தான் வந்தாள், வீட்டுக்குப் போகவில்லை. முகம் கருகி, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வந்தாள். தெர்மாமீட்டரை மேஜைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

நடந்தது இது. முதல் இரண்டு முகாமில் குளிர் மிதமாக இருந்தது, இரண்டு ஸ்டவ்வும் எரிந்தன. மூன்றாவது முகாமில் சாயங்காலம் சூப் வைக்க உட்கார்ந்தபோது தெர்மாமீட்டர் மைனஸ் இருபத்தாறு காட்டியது. புது ஸ்டவ் உறுமியது. லுண்டுப்பின் ஸ்டவ் பம்பை அடித்தால் கை சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

"கேட்டுக்கிட்டே இருந்தேன் மௌசம்லே. கிறீச்சுன்னு ஒரு சத்தம் வராதான்னு. வரல. அவன் சொன்னது அப்படியே இருந்துச்சு."

ஒரே எண்ணெய், ஒரே குளிர், ஒரே கை. ஒன்று எரிகிறது, ஒன்று எரியவில்லை. பயந்திருக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கு உள்ளுக்குள் துள்ளியதாம். புது ஸ்டவ்வில் சூப்பை ஏற்றிவிட்டு, பழையதன் பம்பைக் கழற்றினாள். தோல் விறைத்து, மடங்கின நிலையிலேயே நின்றுவிட்டது. அதன் விளிம்பைச் சுற்றி மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள், மெழுகுபோல வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

வெண்ணெய்.

புது ஸ்டவ்வுக்கு பம்ப் பக்கவாட்டில் இருக்கிறது. அதன் தலையில் வைத்த மூன்று பொட்டும் டாங்க் மூடிமேலேயே காய்ந்து கல்லாக இருந்தன. பழைய ஸ்டவ்வுக்கு பம்ப்தான் தலை. கணப்பின் சூட்டில் பொட்டு உருகி, தண்டு வழியாகக் குழாய்க்குள் இறங்கி, தோலில் ஊறியிருக்கிறது. மிதமான குளிரில் ஒன்றும் தெரியவில்லை. இருபத்தாறில் கல்லாகிவிட்டது. மாடியில் எத்தனை நாள் வைத்தாலும் அது நின்றிருக்காது. மாடிக்குப் போகிற ஸ்டவ்வுக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

தோலை மண்ணெண்ணெயில் அலசி, அக்குளில் வைத்துச் சூடாக்கி, தலைக்குத் தடவ வைத்திருந்த ஆப்ரிகாட் எண்ணெயை விட்டு மாட்டினாள். ஏழாவது அடியில் காற்று ஏறியது. சுமைகாரர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் அந்த ஸ்டவ் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நாலு வருஷம் முன்னாடி அந்தப் பொட்டை யார் வெச்சா தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது. "நான்தான். புது ஸ்டவ்வுன்னு தாராளமா வெச்சேன்."

தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். அதே தோல் வாஷர்தான். அலசும்போதே விளிம்பில் ஒரு கோடு மஞ்சளை மட்டும் விட்டுவைத்திருந்தாள். நடை முடிந்ததும் ஸ்டவ்விலிருந்து இதைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறாள். லுண்டுப்பிடம் சொல்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டாள்.

வேண்டாம் என்றேன், யோசிக்காமலே. வாஷருக்கு எண்ணெய் போட்டிருந்தாய், மண்ணெண்ணெயில்தான் தண்ணீர் கலந்திருந்தது, அதனால் நின்றது என்று சொல்லிவிடு என்றேன். பாருங்கள், குளிரைப் பற்றிப் புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் பிசகாமல் எழுதுகிற நான்தான் இப்படிச் சொன்னேன். நான்கு வருஷம் தன்னைத் திட்டிக்கொண்டவன் இனிமேல் பெண்டாட்டியைத் திட்டுவான். அந்த வீட்டில் எனக்கு ரொட்டி கிடைக்காது என்று பயம்.

"தண்ணி கலந்தா பம்ப் நிக்காதுன்னு அவனுக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி எப்படி இருக்கறது மௌசம்லே? எனக்கு அது வராது. நீங்களும் வாங்க" என்று தீப்பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

லுண்டுப் ஜன்னலோரம் கூடாரத்துணியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தான். நல்லபடியாக வந்தாயா என்று கேட்டான். அவள் வாஷரை எடுத்துத் தையல் இயந்திரத்தின் பலகைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, எதற்கும் சப்பைக்கட்டு கட்டவில்லை. சொல்லி முடிக்கும்போது அழ ஆரம்பித்திருந்தாள். நான் கணப்பில் இல்லாத சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அவன் வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். சுரண்டினான், முகர்ந்தான். மறுபடி பலகைமேல் வைத்தான்.

"அப்ப நான் எண்ணெய் போட்டிருந்தேன்" என்றான்.

"போட்டிருந்தே."

"காலையில போட்டிருந்தேன்."

"போட்டிருந்தே லுண்டுப். நான்தான் கெடுத்துட்டேன். உன் காலை நான்தான்—"

அவன் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். தோள் இரண்டும் இறங்கின. நான்கு வருஷமாக அவை அவ்வளவு தூக்கிக்கொண்டிருந்தன என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் அழுதுகொண்டிருந்தவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தனை பொட்டு வெச்சே?"

"மூணு. எப்பவும் மூணுதானே?"

அவன் தன் இடது காலைப் பார்த்தான். "நல்லவேளை. தாராளமாங்கறியே, அஞ்சு வெச்சிருந்தா?"

அவள் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். பிறகு இருவரும் நிறுத்த முடியாமல் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் எரிந்தது, புகையினால் என்று சொல்லிக்கொண்டேன். அன்று ரொட்டி சுட்டது லுண்டுப்தான்.

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. குளிர்கால நடைக்கு எந்த ஸ்டவ், எவ்வளவு எண்ணெய் என்று இப்போது மற்ற கம்பெனிக்காரர்களும் டிஸ்கித்தைத்தான் கேட்கிறார்கள். இரவில் கேனை வெளியே வை, காலையில் வடித்தெடு, ஸ்டவ் இரண்டாக எடுத்துப்போ, கேஸ் டப்பா கொண்டுபோனால் படுக்கைக்குள் வைத்துத் தூங்கு என்று சளைக்காமல் சொல்வாள். வெண்ணெய் விஷயத்தையும் சொல்வாள், அதை யார் வைத்தது என்பது உட்பட. லுண்டுப்பும் அதற்கடுத்த குளிர்காலத்திலிருந்து கூடவே போகிறான், அவளுக்கு உதவிச் சமையலாக. கல்யாண வீடுகளில் இப்போது அவனிடம் தீப்பெட்டியைக் கொடுக்கிறார்கள்.

அவன் மறுபடி நதிக்குக் கிளம்பிய அந்த முதல் காலையிலும் நான் ரொட்டிக்குப் போயிருந்தேன். சாமான்கள் வரிசையாக இருந்தன. லுண்டுப் கட்டைவிரலில் வெண்ணெயை எடுத்துக்கொண்டு சட்டிக்கு வைத்தான், கெட்டிலுக்கு வைத்தான். பித்தளை ஸ்டவ் முன்னால் வந்ததும் நின்றான். டிஸ்கித் அவன் விரலையே பார்த்தாள். அவன் ஸ்டவ்வைத் தாண்டிப் போய், அவளுடைய வகிட்டில் மூன்று பொட்டையும் வைத்தான்.

"இங்க பம்ப் கிடையாது" என்றான். "உறைஞ்சா உறையட்டும்."